டேப்பைத் தொடும் முன்பே முடிவாகும் வேலை: துளை போட்டு மரை வெட்ட முழு வழிகாட்டி

டேப் (போல்ட் திருகுவதற்கான மரையைத் துளைக்குள் வெட்டும் கருவி) உடைந்துவிட்டது என்று ஒருவர் வந்து நின்றால், டேப்பின் தரத்தை விசாரிப்பதற்கு முன்பு எந்த ட்ரில் போட்டார் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் அங்கேயே கிடைத்துவிடும். துளை அரை மில்லிமீட்டர் சின்னதாக இருந்திருக்கும், அல்லது சாய்ந்திருக்கும், அல்லது அடியில் சீவல் அடைத்திருக்கும். மரை போடும் வேலையில் டேப்பைத் திருப்புவது கடைசி ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடம் எப்படிப் போகும் என்பதை அதற்கு முந்தைய வேலை தீர்மானித்துவிடுகிறது. அதனால் இங்கே துளைக்கும் அளவுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் நக்கிள், பிரேக் காலிப்பர், சீட் பெல்ட் பிடிக்கும் இடம் போன்றவற்றில் மரை போய்விட்டால் பெரிய துளை போட்டு ஒப்பேற்றாதீர்கள். பாகத்தை மாற்றுவதுதான் சரி. எஞ்சின் கவர், பிராக்கெட், கியர்பாக்ஸ் மவுன்ட், பம்ப் உடல், விவசாய இயந்திரங்களின் கார்டு தகடு போன்றவை இந்த வேலைக்கு ஏற்றவை.

மரை எது என்று கண்டுபிடியுங்கள்

போல்ட்டைக் கையில் எடுத்து வெர்னியரால் வெளி விட்டத்தை அளந்தால் முழு எண் வராது. எம்8 (அதாவது 8 மி.மீ. மெட்ரிக்) போல்ட் 7.8 முதல் 7.95 வரை காட்டும். அது தேய்மானம் அல்ல, அப்படித்தான் செய்கிறார்கள். அடுத்து பிட்ச், அதாவது ஒரு மரை முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு உள்ள தூரம். பிட்ச் கேஜ் இருந்தால் பல்லை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் போதும். இல்லையென்றால் பத்து இடைவெளியின் நீளத்தை ஒன்றாக அளந்து பத்தால் வகுங்கள்.

இதைத் தவிர்க்கவே கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எம்8 போல்ட்டும் 5/16 அங்குலப் போல்ட்டும் (7.94 மி.மீ.) பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் எம்8-ல் பத்து மரை 12.5 மி.மீ. வரும், 5/16 யு.என்.சி.யில் (அமெரிக்க அங்குல மரை) 14.1 வரும். ஒன்றின் போல்ட்டை மற்றதன் துளையில் விட்டால் ஓரிரு சுற்று போய் இறுகும். அதைத் துரு என்று நினைத்து ஸ்பானர் போட்டால் மரை அங்கேயே தீர்ந்தது. பழைய இயந்திரங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரை அங்குலத்தில் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை) ஓர் அங்குலத்துக்கு 12 மரை, யு.என்.சி. 13 மரை. மற்ற பல அளவுகளில் இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்றுதான் என்றாலும், விட்வொர்த் மரையின் கோணம் 55°, யு.என்.சி.க்கும் மெட்ரிக்குக்கும் 60°.

வாகனங்களில் ஒரே விட்டத்துக்குப் பல பிட்ச் வரும். எம்10-ல் 1.5, 1.25, 1.0 மூன்றையும் பார்க்கலாம். வீல் ஸ்டட் எம்12×1.5 ஆகவோ எம்12×1.25 ஆகவோ இருக்கும். 14 மி.மீ. ஸ்பார்க் பிளக் எம்14×1.25, ஆயில் டிரெய்ன் பிளக்கில் எம்14×1.5 சாதாரணம். பார்த்தால் ஒரே தடிமன், ஆனால் மாற்றிப் போட முடியாது. ஆயில் பிரஷர் சென்சார், கிரீஸ் நிப்பிள் மாதிரி சில பொருட்களில் கூம்பு மரை இருக்கும். அதற்கு ட்ரில் அளவும் டேப்பும் வேறு. இங்கே சொல்லப்போவது நேர் மரைக்கு மட்டும்.

ட்ரில் அளவு: கழித்தால் போதும்

மெட்ரிக் மரைக்கு ட்ரில் அளவு கண்டுபிடிக்க அட்டவணை தேட வேண்டியதில்லை. விட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழியுங்கள். எம்10×1.5-க்கு 8.5. எம்10×1.25-க்கு 8.75, அதாவது கையில் 8.8. அடிக்கடி தேவைப்படுவது இவை:

எம்4 × 0.7 – 3.3 மி.மீ.
எம்5 × 0.8 – 4.2 மி.மீ.
எம்6 × 1.0 – 5.0 மி.மீ.
எம்8 × 1.25 – 6.8 மி.மீ.
எம்10 × 1.5 – 8.5 மி.மீ.
எம்12 × 1.75 – 10.2 மி.மீ.
எம்14 × 2.0 – 12.0 மி.மீ.
எம்16 × 2.0 – 14.0 மி.மீ.
1/4 அங்குலம், 20 மரை – 5.1 மி.மீ.
5/16 அங்குலம், 18 மரை – 6.6 மி.மீ.
3/8 அங்குலம், 16 மரை – 8.0 மி.மீ.

இப்படிப் போட்ட துளையில் மரையின் ஆழம் முழு அளவில் சுமார் 75 சதவீதம் வரும். "ஏன் குறைக்க வேண்டும், இன்னும் சின்னத் துளை போட்டால் மரை ஆழமாக, பலமாக வராதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சம் பலம் கூடும் என்பது உண்மை. ஆனால் அதற்காக டேப் வெட்ட வேண்டிய உலோகமும் அதைத் திருப்பத் தேவையான விசையும் வேகமாக ஏறும். எம்8-க்கு 6.5 மி.மீ. துளை போட்டால் மரை 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். டேப் உடைவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மறுபக்கம் 7.0 போட்டால் 60 சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். ஸ்டெயின்லெஸ் போன்ற முரட்டு உலோகத்தில், துளை ஆழமாகவும் இருந்தால், நான் 6.8-ஐவிட 6.9 அல்லது 7.0-ஐத்தான் எடுப்பேன். மரையின் பலத்தைத் தீர்மானிப்பதில் போல்ட் எத்தனை மரையில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கும் பெரிய பங்கு உண்டு.

அந்தக் கணக்கும் எளிது. இரும்பிலும் ஸ்டீலிலும் போல்ட் விட்டத்தின் அளவுக்கு மரை பிடித்தால் போதும். எம்8-க்கு 8 மி.மீ. வார்ப்பிரும்பில் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மடங்கு. அலுமினியத்தில் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு. இதைவிட ஆழமாக மரை போடுவதால் பெரிய பலன் இல்லை.

கைட்ரில்லால் போடும் துளை ட்ரில் அளவைவிட 0.1, 0.2 மி.மீ. பெரிதாக வரலாம். கூர் தீட்டும்போது இரண்டு வெட்டு விளிம்பும் சமமாக வராத பிட் என்றால் இன்னும் மோசம். முதலில் ஒரு துண்டுத் தகட்டில் துளை போட்டு அளந்து பாருங்கள்.

டேப் செட்டும் ஹேண்டிலும்

கை டேப் செட்டில் பொதுவாக மூன்று இருக்கும். முதல் டேப்பின் முனை நீளமாகக் கூம்பியிருக்கும், ஏழெட்டு மரைகள் படிப்படியாக ஏறும். இரண்டாவதில் மூன்று முதல் ஐந்து மரை. மூன்றாவதில் ஒன்றிரண்டுதான், அது அடிவரை வெட்டுவதற்கு. பல செட்டுகளில் காம்பில் ஒரு வளையம் இருந்தால் முதலாவது, இரண்டு வளையம் இருந்தால் இரண்டாவது, வளையம் இல்லாதது கடைசி. இப்படி வளையம் போட்ட செட்டில் முதல் இரண்டும் விட்டத்திலும் சற்றுக் குறைவாக இருக்கக்கூடும். முதல் டேப்போடு நிறுத்திவிட்டுப் போல்ட் போகவில்லை என்று திகைக்க வேண்டாம், மூன்றையும் ஓட்ட வேண்டும்.

இயந்திர டேப்பில் இரண்டு வகையை அறிந்திருப்பது நல்லது. முனையில் சாய்வாக வெட்டு விட்ட டேப் சீவலை முன்னால் தள்ளும். மறுபக்கம் திறந்த துளைக்கு ஏற்றது. முறுக்கிய பள்ளம் உள்ள டேப் சீவலை மேலே இழுத்துவரும். அது மறுபக்கம் மூடிய துளைக்கு. மாற்றிப் போட்டால் சீவல் துளையின் அடியில் போய் அடைத்துக்கொள்ளும்.

மலிவான கார்பன் ஸ்டீல் டேப்பும் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டேப்பும் ஒன்றல்ல. பழைய மரையைச் சுத்தம் செய்ய முதல் வகை போதும். ஸ்டீலில் புது மரை வெட்ட எச்.எஸ்.எஸ். வாங்குங்கள். முழு செட்டுப் பெட்டி வாங்குவதைவிட எம்6, எம்8, எம்10 மூன்றை மட்டும் நல்ல தரத்தில், அவற்றுக்கான ட்ரில் பிட்டோடு சேர்த்து வாங்குவது என் வாக்கு.

ஹேண்டில் டேப்புக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். எம்5 டேப்புக்கு ஓரடி ஹேண்டில் போட்டால் டேப் என்ன சொல்கிறது என்பது கைக்குத் தெரியாது. சின்ன டேப்புக்கு டி ஹேண்டில் நல்லது. இடமில்லை என்று டேப்பின் தலையில் ஸ்பானரை மாட்டி ஒரு பக்கமாக இழுப்பதைப் பலர் செய்கிறார்கள். டேப் முறுக்கைத் தாங்கும். பக்கவாட்டு வளைவைத் தாங்காது.

குறி, பஞ்ச், ட்ரில்

இடத்தை அளந்து கோடு கிழித்து, கோடுகள் வெட்டும் இடத்தில் முதலில் கூர்மையான பஞ்ச் (புள்ளி குத்தும் கருவி) கொண்டு லேசாக ஒரு புள்ளி வையுங்கள். சரியான இடத்தில் விழுந்ததா என்று பார்த்த பிறகு சென்டர் பஞ்சால் ஆழப்படுத்துங்கள். ஒரு கவரையோ பிராக்கெட்டையோ பொருத்தத் துளை போடுவதானால், அந்தப் பாகத்தையே மேலே வைத்து, அதன் துளைக்குள் இறுக்கமாகப் போகும் ட்ரில் பிட்டால் லேசாக ஒரு பள்ளம் போட்டு மையத்தை எடுத்துக்கொள்ளலாம். அளந்து போடுவதைவிட இது துல்லியம்.

பொருளை வைஸிலோ கிளாம்பிலோ பிடியுங்கள். ட்ரில் மறுபக்கம் வெளிவரும் நேரத்தில்தான் அது பிடித்துப் பொருளைச் சுழற்றும். கையால் பிடித்திருந்தால் அப்போதுதான் விரல் போகும். சுழலும் ட்ரில்லுக்கு அருகில் கையுறை வேண்டாம், கண்ணாடி கட்டாயம்.

பெரிய ட்ரில்லின் நட்டநடுவில் ஒரு குறுக்கு விளிம்பு இருக்கும். அது வெட்டாது, உலோகத்தை நசுக்கி ஒதுக்கும். அந்த விளிம்பின் அகலத்துக்குச் சற்றே அதிகமான பைலட் துளை போட்டால் பெரிய ட்ரில் அலையாமல் இறங்கும். 6.8 மி.மீ. ட்ரில்லுக்கு 3 மி.மீ. பைலட் சரியாக இருக்கும். பைலட்டை 6 மி.மீ. வரை பெரிதாக்கிவிட்டால் பெரிய ட்ரில் விளிம்பில் மட்டும் கடித்து, அதிர்ந்து, முக்கோணத் துளை வரும்.

ட்ரில் மையத்தைவிட்டு நகர ஆரம்பித்ததை முனை முழுதாக இறங்கும் முன்பே கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கச் சரிவில் உருண்டைமுனை உளியால் ஒரு சிறு காடி வெட்டுங்கள். ட்ரில் அந்தப் பக்கம் இழுபடும். முழு விட்டமும் உள்ளே போன பிறகு இது பலிக்காது.

வேகத்துக்கு ஒரு கணக்கு: வெட்டு வேகத்தை (நிமிடத்துக்கு மீட்டரில்) 1000-ஆல் பெருக்கி, 3.14-ஐயும் ட்ரில் விட்டத்தையும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். எச்.எஸ்.எஸ். ட்ரில்லுக்கு மைல்ட் ஸ்டீலில் 25 மீட்டர் என்று வைத்தால் 6.8 மி.மீ. ட்ரில் நிமிடத்துக்குச் சுமார் 1170 சுற்று ஓடலாம். ஸ்டெயின்லெஸ்ஸில் 10 மீட்டர். அதே ட்ரில்லுக்குச் சுமார் 470 சுற்றுதான். அலுமினியத்தில் 60 மீட்டருக்கு மேலும் போகலாம். கைட்ரில்லில் செய்பவர்கள் பெரும்பாலும் ஸ்டீலில் அளவுக்கு மீறிய வேகமும் அளவுக்குக் குறைந்த அழுத்தமும் கொடுக்கிறார்கள். ட்ரில் கத்தினால், சீவலுக்குப் பதில் தூள் வந்தால், முனை எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சுருள் சுருளாகச் சீவல் வர வேண்டும்.

துளை செங்குத்தாக இருப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ட்ரில் பிரஸ் இருந்தால் கவலையில்லை. கைட்ரில் என்றால் பக்கத்தில் ஒரு மூலைமட்டத்தை நிற்கவைத்து, முன்னிருந்து ஒருமுறையும் பக்கத்திலிருந்து ஒருமுறையும் பாருங்கள். இன்னொருவர் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

துளையின் வாயை உடையுங்கள்

இதைச் செய்யாமல் விடுகிறவர்கள் அதிகம். துளையின் விளிம்பை 90° கவுன்டர்சிங்கால், இல்லையென்றால் பெரிய ட்ரில் பிட்டால், போல்ட் விட்டத்துக்கு மிகச் சற்று மேல்வரை சரித்துவிடுங்கள், எம்8-க்கு 8.5 மி.மீ. போல. டேப் நேராக உட்கார இந்தச் சரிவு உதவும். முதல் மரை மேலே பிதுங்கி வராது, அதனால் மேலே வைக்கும் பாகம் தட்டையாக உட்காரும். பின்னாளில் போல்ட் குறுக்கு மரையில் ஏறுவதும் குறையும். மறுபக்கம் திறந்த துளை என்றால் அந்தப் பக்கத்தையும் சரித்துவிடுங்கள்.

டேப் ஓட்டுவது

துளையிலிருந்த சீவலை எடுத்துவிட்டு, முதல் டேப்பில் எண்ணெய் விட்டு, துளையில் நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு மட்டும் நேர்கீழாக அழுத்தம் வேண்டும். ஒரு கையால் ஹேண்டிலின் நடுவைப் பிடித்து அழுத்தியபடி திருப்புவது சாய்வைக் குறைக்கும். டேப் கடித்துவிட்டால் பிறகு அதுவே தன்னை இழுத்துக்கொள்ளும், அழுத்த வேண்டாம்.

இரண்டு சுற்று முடிந்ததும் நிறுத்தி, ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, மூலைமட்டத்தால் டேப் செங்குத்தாக நிற்கிறதா என்று ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு பக்கத்திலிருந்து பாருங்கள். சாய்ந்திருந்தால் பின்னால் சுழற்றி எடுத்து, எதிர்ப்பக்கம் லேசாக அழுத்தி மறுபடி தொடங்கலாம். ஐந்தாறு சுற்று போன பிறகு நிமிர்த்த முயன்றால் டேப் உடையும். ட்ரில் பிரஸ்ஸில் துளை போட்டிருந்தால் பொருளை நகர்த்தாமல் ட்ரில்லைக் கழற்றி அதே சக்கில் டேப்பைப் பிடித்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக்கைக் கையால் சுழற்றி முதல் சில மரைகளைப் போடுங்கள். இதைவிட நேராகத் தொடங்க வழியில்லை. இன்னொரு வழி: தடிமனான ஸ்டீல் துண்டில் டேப்பின் வெளிவிட்டம் சரியாக நுழையும் துளையைப் பிரஸ்ஸில் போட்டு வைத்துக்கொண்டு, அதை வழிகாட்டியாகத் துளைமேல் வைப்பது.

அடுத்தது தாளம். அரைச்சுற்று முன்னால், கால்சுற்று பின்னால். பின்னால் திருப்பும்போது 'டக்' என்று லேசாக ஒரு விடுபடல் கைக்குத் தெரியும், சீவல் முறிந்துவிட்டது. மென்மையான உலோகத்தில் ஒரு முழுச்சுற்று வரை போகலாம். எம்5-க்குக் கீழே அரைச்சுற்றைத் தாண்ட வேண்டாம்.

கை மூன்று விதமான எதிர்ப்பை உணரும். சீரான, கனமான எதிர்ப்பு என்றால் வெட்டுகிறது, தொடருங்கள். ஹேண்டில் நகர்கிறது, ஆனால் விட்டால் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வருகிறது என்றால் டேப் வெட்டவில்லை, முறுக்கிக்கொண்டிருக்கிறது. உடையப்போவதற்கு முந்தைய கட்டம் அது. அங்கே பலம் கொடுக்கவே கூடாது. பின்னால் எடுத்து, சீவலைத் துடைத்து, எண்ணெய் விட்டுத் தொடங்குங்கள். திடீரென்று சுவரில் மோதியதுபோல நின்றால் துளையின் அடி வந்துவிட்டது, அல்லது சீவல் அடைத்துவிட்டது.

மறுபக்கம் மூடிய துளை

மரை எவ்வளவு ஆழம் வேண்டுமோ அதைவிட ஆழமாகத் துளை வேண்டும். டேப் முனையின் கூம்புக்கும் சீவல் தங்கவும் ஐந்து பிட்ச் அளவு இடம் விடுவது வழக்கம். அலுமினியத்தில் எம்8-க்கு 16 மி.மீ. மரை வேண்டுமென்றால் 22 மி.மீ. துளை போடுங்கள். இந்த ஆழம் ட்ரில்லின் முழு விட்டம் போகும் அளவு. 118° முனை விட்டத்தில் சுமார் 0.3 மடங்கு கூடுதலாக இறங்கும், அந்த 2 மி.மீ.யும் சேர்த்து 24 வரும். அடியில் வாட்டர் ஜாக்கெட்டோ ஆயில் பாதையோ இருக்கிறதா என்று முதலிலேயே உறுதிசெய்யுங்கள். ட்ரில்லில் ஒட்டு நாடா ஒட்டிக் குறி வைப்பதைவிட, சரியான நீளத்துக்கு வெட்டிய குழாய்த்துண்டை ட்ரில்மேல் மாட்டிவிடுவது பாதுகாப்பு, அது நகராது.

மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை டேப்பை முழுதாக வெளியே எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் தடவினால் சீவல் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். மரை போட்டு முடித்ததும் துளை உள்ளே காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருக்கும்போது போல்ட்டை முறுக்கினால், எண்ணெய் அமுங்காமல் வார்ப்பையே பிளந்துவிடும். சிலிண்டர் ஹெட் போல்ட் துளைகளில் பிளாக் வெடிப்பதற்கு இது ஒரு காரணம். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது துளையின் வாயைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். சீவல் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

உலோகத்துக்கு ஏற்றபடி

மைல்ட் ஸ்டீலுக்குக் கந்தகம் கலந்த கட்டிங் ஆயில். எஞ்சின் ஆயில் இரண்டாம்பட்சம், ஒன்றுமில்லாததற்கு அது மேல். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் நன்றாக வேலை செய்யும். உலர்வாக ஓட்டினால் அலுமினியம் டேப்பின் பல்லில் அப்பிக்கொண்டு அடுத்த மரையைக் கிழிக்கும். வார்ப்பிரும்பில் உள்ள கிராஃபைட்டே மசகாகும். அதை உலர்வாகவே போடுங்கள். எண்ணெய் விட்டால் தூளும் எண்ணெயும் சேர்ந்து சாந்தாகிவிடும். பித்தளைக்கும் பெரிதாக எதுவும் வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் தனி ரகம். ட்ரில் வெட்டாமல் உரசினால் அந்த இடமே கெட்டியாகிவிடும், பிறகு எந்த ட்ரில்லும் இறங்காது. மெதுவான சுற்று, விடாத அழுத்தம், கெட்டியான கட்டிங் பேஸ்ட். நடுவில் தயங்கி நிற்கக் கூடாது. பாகம் கடினப்படுத்தப்பட்டதா என்று சந்தேகம் இருந்தால் ஓரத்தில் அரத்தை இழுத்துப் பாருங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால் எச்.எஸ்.எஸ். டேப்பும் கடிக்காது. சில கியர் கேஸ்கள் மெக்னீசியம் கலவை. அதன் மெல்லிய சீவல் தீப்பிடிக்கும், தண்ணீர் கலந்த கூலன்ட்டை அருகில் கொண்டுவராதீர்கள்.

ஒடிந்த போல்ட்டை எடுத்துவிட்டுப் போடுவது

ரிப்பேர் வேலையில் புதுத் துளை போடுவது குறைவு. பழைய போல்ட் உள்ளே ஒடிந்து நிற்பதுதான் அதிகம். கையில் எதையும் எடுக்கும் முன் அது ஏன் ஒடிந்தது என்று யோசியுங்கள். அதிகம் முறுக்கியோ பக்கவாட்டு அடியாலோ ஒடிந்திருந்தால் மீதித் துண்டு தளர்ந்துதான் இருக்கும். சில நேரம் கூர்மையான பஞ்சால் ஓரத்தில் தட்டினாலே சுழன்று வரும். துருவில் இறுகியதைக் கழற்றும்போது தலை போயிருந்தால் கதை வேறு. முழுத் தடிமன் போல்ட்டாலேயே சுழற்ற முடியாததை, அதற்குள் போட்ட சின்னத் துளையில் நிற்கும் ஈஸி அவுட் (ஒடிந்த போல்ட்டைக் கடித்துச் சுழற்றி எடுக்கும் கருவி) சுழற்றிவிடும் என்று நம்பக் கூடாது. ஈஸி அவுட் மிகக் கடினமான ஸ்டீல். உள்ளே ஒடிந்தால் சாதாரண ட்ரில் அதன்மேல் இறங்காது.

துண்டு கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு போட்டு, சிவப்பு தணிந்ததும் ஸ்பானரால் முன்னும் பின்னும் அசைத்து எடுப்பது நல்ல வழி. வெல்டின் சூடே துருவைப் பாதி விடுவித்துவிடும். பெட்ரோல் பைப் அருகில் இருந்தால் அதை அகற்றாமலும், பேட்டரி இணைப்பைக் கழற்றாமலும் வெல்டு வைக்காதீர்கள்.

உள்ளே புதைந்திருந்தால் ட்ரில் செய்வதுதான் வழி, இங்கே எல்லாமே மையத்தைப் பொறுத்தது. ஒடிந்த முகம் மேடு பள்ளமாக இருக்கும், ட்ரில் பள்ளம் பார்த்து ஓடிவிடும். முடிந்தால் முகத்தைத் தட்டையாக்கி மையம் குத்துங்கள். துண்டு ஆழத்தில் இருந்தால், அதே மரையுள்ள வேறொரு போல்ட்டின் நடுவில் லேத்தில் நீளவாக்கில் துளை போட்டு, அதைத் துளைக்குள் திருகி, அதன் வழியே ட்ரில்லை விடுங்கள். ட்ரில்லுக்கு மையத்தைத் தவிர வேறு போக்கிடம் இருக்காது. இடதுபுறம் வெட்டும் ட்ரில் கிடைத்தால் ரிவர்ஸில் ஓட்டுங்கள், பாதித் துளையிலேயே போல்ட் சுழன்று வந்துவிடுவதுண்டு. வராவிட்டால் படிப்படியாக டேப் ட்ரில் அளவுக்குச் சற்றுக் கீழே வரை பெரிதாக்கி (எம்8-க்கு 6.5), மரைக்குள் சுருளாக மிஞ்சும் இரும்பைக் கூர்மையான கொக்கியால் கிளறி எடுங்கள். கடைசியில் டேப்பை ஒருமுறை ஓட்டிச் சுத்தம் செய்யலாம்.

மரை நன்றாக இருந்து, அழுக்கு மட்டும்தான் என்றால் வெட்டும் டேப்பைப் போடாதீர்கள். அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகத்தை எடுத்து மரையைத் தளர்த்தும். அதற்கென்று உள்ள சேசர் போடுங்கள். இல்லையென்றால் நல்ல போல்ட்டின் மரையில் நீளவாக்கில் மூன்று காடி கிரைண்ட் செய்தால் போதுமான சேசர் தயார்.

டேப்பே ஒடிந்துவிட்டால்

டேப் கண்ணாடி ரகம். அதன்மேல் ட்ரில் போடுவது வீண். முனை தெரிந்தால் பள்ளங்களில் பஞ்சை வைத்து எதிர்த்திசையில் மெல்லத் தட்டுங்கள். பள்ளத்தில் விரல்களை இறக்கிச் சுழற்றும் டேப் எக்ஸ்ட்ராக்டர் இருந்தால் சீவலை ஊதிவிட்டு அதைப் போடுங்கள். அலுமினியப் பாகம், அதைக் கழற்றி எடுக்கவும் முடியும் என்றால் படிகாரத்தைச் சூடான தண்ணீரில் கரைத்து ஊறவைக்கும் பழைய முறை உண்டு. அது ஸ்டீலை மெல்ல அரிக்கும், அலுமினியத்தைப் பெரிதாகத் தொடாது. பொறுமை வேண்டும், சூட்டையும் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும். விலையுயர்ந்த பாகம் என்றால் மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் இயந்திரம் உள்ள இடத்துக்கு அனுப்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

மரை முழுதும் போன துளை: இன்சர்ட்

எம்8 மரை போனால் எம்10-க்குப் பெரிதாக்கலாம். துளையைச் சுற்றி உலோகம் இருக்க வேண்டும், மேலே உட்காரும் பாகத்தின் துளையையும் பெரிதாக்க வேண்டும். எஞ்சினில் பெரும்பாலும் ஹெலிகாயில் மாதிரி கம்பிச்சுருள் இன்சர்ட் (துளைக்குள் திருகி வைக்கும் புது மரை) நல்லது. பழைய போல்ட் அளவே நிற்கும். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் இன்சர்ட் பழைய மரையைவிட உறுதியாகவே இருக்கும்.

இதற்கு வேறு ட்ரில், வேறு டேப். எம்8×1.25 இன்சர்ட்டுக்குத் துளை 8.3 அல்லது 8.4 மி.மீ.; கிட்டோடு வரும் தாளில் சொன்ன அளவையே பின்பற்றுங்கள். அந்த டேப் சாதாரண எம்8 டேப்பைவிடப் பெரியது, பிட்ச் மட்டும் அதே. மரை போட்டு, நன்றாகச் சுத்தம் செய்து, காயவிட்டு, இன்சர்ட்டைக் கருவியில் மாட்டி மேல்முகத்திலிருந்து கால் முதல் அரைச்சுற்று உள்ளே போகும் வரை திருகுங்கள். கீழே அழுத்தாதீர்கள், சுருள் ஒரு மரையைத் தாண்டிக் குதித்துவிடும். அடியிலுள்ள குறுக்குக் காலைப் பஞ்சால் தட்டி ஒடித்து, மறக்காமல் வெளியே எடுங்கள்.

ஸ்பார்க் பிளக் துளையில் இதைச் செய்வதானால் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஹெட்டைக் கழற்றாமல் செய்வதற்குப் பிஸ்டனைக் கீழே இறக்கி, டேப்பின் பள்ளங்களில் கெட்டியாக கிரீஸ் பூசி, ஒரு சுற்றுக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். முடிந்ததும் வேக்குவத்தில் மெல்லிய குழாயைச் சொருகி உள்ளே உறிஞ்சுங்கள். அந்தக் கால் துண்டு சிலிண்டருக்குள் விழுந்துவிட்டால் ஹெட்டை இறக்கித்தான் எடுக்க வேண்டும் என்பதால், காலே இல்லாத, கெட்டியான குழாய் (புஷ்) வகை இன்சர்ட்டை அங்கே போடுவது எனக்குப் பிடித்த வழி.

புது மரையில் போல்ட்டை முதலில் கையால் அடிவரை திருகுங்கள். பாதியில் இறுகினால் டேப்பை மறுபடி ஓட்ட வேண்டும், ஸ்பானரால் தள்ளக் கூடாது. அலுமினியத்தில் ஸ்டீல் போல்ட் என்றால் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) லேசாகத் தடவுங்கள். மசகு பட்ட மரையில் அதே டார்க்குக்கு (முறுக்கும் விசைக்கு) போல்ட் கூடுதலாக இழுபடும், அதனால் உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவைச் சற்றுக் குறைத்து வையுங்கள். டார்க் ரெஞ்சில் முதலில் பாதி, பிறகு முழு அளவு. எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி, முழுதும் ஆறிய பிறகு இறுக்கத்தை மறுபடி ஒருமுறை சரிபார்த்துவிட்டு வண்டியைக் கொடுங்கள்.